'பேர்டி பட்டி' பார்த்தாச்சு: ஆட்டத்துல எது நிஜம்? வேலூர்ல இருந்து கோல்ஃப் கத்துக்க முடியுமா?

சத்துவாச்சாரி_சித்தி:

எல்லாருக்கும் வணக்கம். 2011ல் டிவிஎன் சேனலில் வந்த கொரியன் சீரியல் 'பேர்டி பட்டி', 24 எபிசோடும் முடிச்சாச்சு. கங்வான் மலைப்பக்கத்துப் பொண்ணா யுயி, வசதியான வீட்டு கோல்ஃப் பொண்ணா லீ டா-ஹி, கோச்சா லீ யோங்-வூ. கதை புரிஞ்சுது, ஆட்டம்தான் பாதி புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்கோர் போர்டுல மைனஸ் போடுறாங்களே, அதை எப்படிப் படிக்கணும்? பழைய மேட்ச்ல எல்லாம் கொடியைப் பிடுங்கிட்டுத்தான் கடைசி அடி அடிக்கிறாங்க, இப்ப வர்ற மேட்ச்ல கொடி குழியிலயே நிக்குது. இதுல எது சரி? அங்க ப்ரோ ஆகுறதுக்கு நிஜமாவே பரீட்சை மாதிரி ஏதாவது இருக்கா?

கடைசியா ஒண்ணு. அக்கா மகளுக்கு 12 வயசு. அவளும் கூடவே பார்த்தா, இப்ப "எனக்கும் கோல்ஃப்" என்கிறா. வேலூர்ல இருந்துகிட்டு இதுக்கு என்ன வழி? எங்க மொட்டை மாடி 20க்கு 30 அடி. அதுல ஏதாவது செய்யலாமா?

---

பார்72:

ஸ்கோர்ல ஆரம்பிக்கிறேன் அக்கா. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில முடிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார். 18 குழிக்கும் சேர்த்தா பெரும்பாலும் 72 வரும். பார் 4 குழியை 3 அடியில முடிச்சா பேர்டி, 2 அடியில முடிச்சா ஈகிள், 5 ஆச்சுன்னா போகி. போர்டுல இருக்கிற எண் மொத்த அடி கிடையாது, பாரை விட எத்தனை கூட, எத்தனை கம்மிங்கறதுதான். நாலு நாள் ஆட்டத்துக்கு பார் 288. ஒருத்தர் 280ல் முடிச்சா மைனஸ் 8. மைனஸ் எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது. கூட்டல் கழித்தல் இல்லாம 'ஈ' எழுத்து போட்டிருந்தா சரியா பார்ல நிக்கிறார்னு அர்த்தம்.

கொடி விஷயத்துல ரெண்டுமே சரிதான், காலம்தான் வேற. 2019 ஜனவரியில விதிகளை மொத்தமா திருத்தி எழுதினாங்க. அதுக்கு முன்னாடி கிரீன்ல (குழியைச் சுத்தி இருக்கிற குட்டைப் புல் தரை) இருந்து பட் பண்ணி (பந்தை உருட்டி அடிச்சு), பந்து நட்டு வெச்ச கொடியில பட்டா 2 அடி தண்டம். அதனாலதான் கேடி (ஆடுறவர் கூட பை தூக்கிட்டு வர்ற உதவியாளர்) கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, இல்ல எடுத்துக் கீழ போடுவாங்க. இப்ப கொடியை விட்டுட்டே பட் பண்ணலாம், தண்டம் இல்ல. சீரியல் 2011ல் வந்தது, அதனால பழைய விதியோட பாருங்க. அப்போ காணாமப் போன பந்தைத் தேட 5 நிமிஷம், இப்ப 3 நிமிஷம்தான். பந்தைக் கீழ விடும்போது அப்போ தோள் உயரம், இப்ப முட்டி உயரம். அப்போ பெண்கள் ஆட்டத்துல கேடி பின்னால நின்னு "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்"னு நேர் பார்த்துச் சொல்றது ரொம்ப சகஜம். இப்ப ஆடுறவர் அடிக்க நிலை எடுக்க ஆரம்பிச்சதும் கேடி அந்தக் கோட்டுக்குப் பின்னால வேணும்னு போய் நிக்கவே கூடாது.

மாறாத விதிகளும் உண்டு, சீரியல்காரங்களுக்குத் திருப்பம் வைக்க அதுங்கதான் வசதி. பையில 14 கிளப்புக்கு (அடிக்கிற மட்டைக்கு) மேல இருந்தா ஒரு குழிக்கு 2 அடி தண்டம், அதிகபட்சம் 4. அடுத்தவங்க பந்தை அடிச்சா 2 அடி, அதைச் சரி பண்ணாம அடுத்த குழியில டீ ஷாட் (முதல் அடி) அடிச்சா ஆட்டத்தை விட்டே வெளிய. ஸ்கோர் கார்டை கூட ஆடுறவங்கதான் எழுதுவாங்க, நாம சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். ஒரு குழியில நிஜத்தை விடக் கம்மியா எழுதியிருக்கறதைப் பார்க்காம கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா தகுதி நீக்கம். கூடுதலா எழுதியிருந்தா அந்தக் கூடுதலே நிக்கும். பிள்ளைங்க போட்டியில அழுகை வர்ற இடம் பாதி இந்த கார்டு மேஜைதான்.

---

வாலாஜா_லென்ஸ்:

இந்த சீரியல் லீ ஹியோன்-சே வரைஞ்ச காமிக்ஸை வெச்சு எடுத்தது. பின்னணி தெரியாம பார்த்தா அங்க ஏன் வீட்டுக்கு வீடு கோல்ஃப் கனவுன்னு விளங்காது. 1998ல் கொரியா கடன்ல மூழ்கி ஐஎம்எஃப் கிட்ட கை நீட்டியிருந்த நேரம். அந்த வருஷம் பாக் சே-ரி அமெரிக்கப் பெண்கள் ஓப்பன்ல, விஸ்கான்சின் பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்துல, பிளே-ஆஃப் (சமன் ஆனப்போ வைக்கிற முடிவு ஆட்டம்) கடைசி குழியில பந்தைக் குளத்தோரச் சரிவுப் புல்லுல விட்டுட்டாங்க. ஷூ, சாக்ஸ் ரெண்டையும் கழட்டிட்டு தண்ணியில இறங்கி நின்னு பந்தை வெளிய எடுத்தாங்க. அன்னிக்கு 18 குழி போதாம, மேல 2 குழி ஆடித்தான் ஜெயிச்சாங்க. அதை டிவியில பார்த்து கிளப் எடுத்த பிள்ளைங்களுக்கு 'சே-ரி கிட்ஸ்'னே பேர். பாக் இன்-பி, ஷின் ஜி-யை, சோய் நா-யோன் எல்லாம் அந்த வரிசை. இன்-பி 2008ல் 19 வயசுலயே அதே பெண்கள் ஓப்பனை ஜெயிச்சு, 2016 ரியோவுல தங்கமும் வாங்கினாங்க.

ப்ரோ ஆக டெஸ்ட் இருக்கு, கதைக்காகச் சேர்த்தது இல்ல. கேஎல்பிஜிஏ (கொரியப் பெண்கள் ப்ரோ கோல்ஃப் சங்கம்) உறுப்பினர்ல ரெண்டு படி: முதல்ல இணை உறுப்பினர், அப்புறம் முழு உறுப்பினர். டூரும் (வருஷம் முழுக்க நடக்கிற போட்டித் தொடர்) அடுக்கடுக்கா இருக்கு. கீழ ஜம்ப் டூர், நடுவுல ட்ரீம் டூர், மேல ரெகுலர் டூர். டெஸ்ட்டுனா மைதானத்துல ஆடி வாங்குற ஸ்கோர்தான், ஸ்விங் அழகா இருக்குன்னு மார்க் போட மாட்டாங்க. ட்ரீம் டூர்ல முன்னணியில வந்தா மேல ஏறலாம், இல்லன்னா வருஷக் கடைசியில தகுதிப் போட்டி. மேல இருக்கறவங்களும் பணப் பட்டியல்ல சரிஞ்சா அதே தகுதிப் போட்டிக்கு வந்து வரிசையில நிக்கணும். அந்தப் போட்டிதான் உண்மையான வயித்தெரிச்சல். ஒரு வாரம் சரியா ஆடலைன்னா அடுத்த வருஷம் முழுக்க கீழ் டூர்தான்.

சீரியல் எல்லாத்துலயும் எனக்கு ஒரு குறை உண்டு. ட்ரைவர் (ரொம்ப தூரம் அடிக்கிற பெரிய கிளப்) எடுத்து சொய்ங்குனு அடிக்கிறதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவாங்க, கேமராவுக்கு அதுதான் அழகு. ஜெயிக்கிறது அங்க இல்ல. அமெரிக்க எல்பிஜிஏ (பெண்கள் ப்ரோ) டூர்ல சராசரி கிளப் வேகம் மணிக்கு 94 மைல், பந்து 140 மைல்ல கிளம்பி 220 கெஜம் போல பறக்கும். பெங்களூரு அதிதி அசோக் அந்தக் கூட்டத்துல தூரம் கம்மியா அடிக்கிறவங்கள்ல ஒருத்தர். ஆனா டோக்கியோ ஒலிம்பிக்ல மைனஸ் 15ல் முடிச்சு, ஒரே அடியில வெண்கலத்தை விட்டு 4வது வந்தாங்க. பட்டிங்தான் அவங்களை அங்க கொண்டுபோச்சு. இன்-பி ஆட்டத்தையும் பாருங்க, பட்டர் (பட் பண்ற கிளப்) கையில வந்தப்புறம்தான் மத்தவங்களுக்கு பயம்.

---

மக்கன்பேடா:

நம்ம ஊர்ல பங்கர் (மைதானத்து மணல் குழி) பிராக்டிசுக்குப் பஞ்சமே இல்லியே சித்தி. பாலாறு முழுக்க மணல். ஆறு உண்டு, தண்ணி இல்ல 😀

---

குடியாத்தம்_7அயர்ன்:

மக்கன்பேடா தம்பி, சித்தி நிஜமாவே பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடப் போறாங்க. ஆத்து மணல் பருமன், நடுவுல கல் கிடக்கும். வெட்ஜ் (மணல்ல இருந்து பந்தைத் தூக்குற கிளப்) அடிப்பக்கம் ஒரு வாரத்துல செதுக்கிடும். ஆடு மாடு, ஆள் நடமாட்டம் வேற. அதோட பங்கர் அடியில பந்தையே தொட மாட்டாங்க. கிளப் முகத்தைத் திறந்து வெச்சு பந்துக்கு 2 அங்குலம் பின்னால மணல்ல இறக்கணும், மணல்தான் பந்தைத் தூக்கிட்டு வரும். பருமன் மணல்ல கிளப் இறங்குற விதமே வேற, அதுல பழகிட்டு மைதானத்துக்குப் போனா கை குழம்பும்.

சித்தி, மாடி விஷயத்துக்கு வர்றேன். 12 வயசுக்கு முதல் மூணு மாசம் பட்டிங், சின்ன சிப் (கிரீன் பக்கத்துல இருந்து தூக்கிப் போடுற குட்டி அடி), அப்புறம் 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) அரை ஸ்விங், இந்த வரிசையில போங்க. ட்ரைவர் கண்ணுலயே படக் கூடாது.

பட்டிங்குக்கு 10 அடி நீளத்துல, முடி குட்டையான கார்பெட் துண்டு ஒண்ணு போதும். டைல்ஸ்ல அடிக்க விடாதீங்க, பந்து உருளாம வழுக்கும், கைக்குத் தப்பான கணக்கு பழகிடும். ஹார்டுவேர் கடையில 1 மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், ஒண்ணேகால் அங்குலம் அகலம் போல இருக்கறதா பார்த்து வாங்குங்க. அதை கார்பெட் மேல படுக்க வெச்சு, ஒரு நுனியில பந்தை வெச்சு பட் பண்ணச் சொல்லுங்க. மறுநுனி வரைக்கும் பந்து கீழ இறங்காம உருண்டா கோணல் 1 டிகிரிக்குள்ள இருக்குன்னு அர்த்தம். குழியோட குறுக்களவு 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் 2 அங்குலம் சொச்சம்தான். 10 அடி பட்ல 1 டிகிரி கோணினாலே பந்து 2 அங்குலம் விலகிடும், அதாவது விளிம்புல தொங்கும். ஸ்கேல்ல பத்துக்கு எட்டு நிக்கிற வரைக்கும் அடுத்ததுக்குப் போக வேணாம். பந்து எப்பவும் ஒரே பக்கமா விழுந்தா அடிக்கிற கணத்துல பட்டர் முகம் திரும்பியிருக்கு. ரெண்டு பக்கமும் மாறி மாறி விழுந்தா மணிக்கட்டு ஆடுது, தோளை வெச்சு ஆட்டச் சொல்லுங்க.

வலை கட்டறதா இருந்தா கிரிக்கெட் வலை வாங்கிடாதீங்க. கோல்ஃப் பந்து 42.67 மில்லிமீட்டர்தான், பெரிய கண்ணியில பூந்து அடுத்த தெருவுக்குப் போயிடும். கண்ணி 1 அங்குலத்துக்கு மேல இருக்கவே கூடாது. ஒரு அங்குல ஜிஐ பைப்புல 10க்கு 10 அடி சட்டம், ரெண்டு பக்கமும் 6 அடிக்குப் பக்க வலை கண்டிப்பா வேணும். கிளப்போட கழுத்துல பந்து பட்டா (ஷேங்க்னு சொல்வாங்க) குறுக்கால வலது பக்கம் சீறும், முன் வலை அதைப் பிடிக்காது. வலையை விறைப்பா இழுத்துக் கட்டாதீங்க, பந்து அப்படியே முகத்துக்குத் திரும்பி வரும். ஒன்றரை அடி தொய்வு விட்டு, கீழ மட்டும் மணல் பையைப் போட்டு அழுத்துங்க. பின்னால 2 அடி தள்ளி ஒரு பழைய தார்பாய் தொங்கட்டும். பந்து வெக்கிற இடம் வலையில இருந்து 8 முதல் 10 அடி. இவ்வளவும் செஞ்சாலும் முதல்ல ஸ்பாஞ்ச் பந்துதான், அசல் பந்து கோச் பார்த்துச் சரின்னு சொன்னப்புறம். நம்ம ஊர் வெயில்ல நைலான் சீக்கிரம் நொறுங்கும். மாசம் ஒருதரம் கண்ணியை ரெண்டு கையால இழுத்துப் பாருங்க, பொடியா உதிர்ந்தா கழட்டிடுங்க. கிளப்பையும் மாடியில விடாதீங்க, பிடி ரப்பர் காய்ஞ்சு வழுக்கும்.

கான்கிரீட் மேல மெல்லிசு மேட் போட்டு அடிச்சா ரெண்டு கெடுதல். ஒண்ணு மணிக்கட்டு, முழங்கை வலி. அதுக்கு மேட்டுக்குக் கீழ கனமான கயிறு மிதியடி ரெண்டு அடுக்குங்க. ரெண்டாவது கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. பந்துக்கு முன்னாடியே கிளப் தரையில பட்டாலும் மேட்டுல வழுக்கிப் போய் பந்தை நல்லாவே அடிச்சுடும், பிள்ளை தான் சரியா அடிக்கிறதா நினைச்சுக்கும். அதே அடி புல்லுல மண்ணைத்தான் பேர்க்கும். பந்துக்கு 4 அங்குலம் பின்னால ஒரு துண்டை மடிச்சு வெச்சுடுங்க. துண்டு நகர்ந்தா அடி தப்பு.

---

சத்துவாச்சாரி_சித்தி:

ரொம்ப நன்றி, எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணா பழைய ஆம்பளைங்க செட்டை அறுத்துச் சின்னதாக்கித் தரேன்கிறார், வாங்கலாமா? இன்னொண்ணு, ஒரு தெரிஞ்சவங்க மைதானத்துல அவளை அடிக்க விட்டப்போ எல்லா பந்தும் வலது பக்கம் வளைஞ்சு போச்சு. அது ஏன்?

---

பார்72:

அறுத்த செட் வேணாம் அக்கா. நீளம் குறையும், ஆனா தண்டு இன்னும் விறைப்பாகிடும், தலை கனமும் பெரியவங்களுக்கானதுதான். பிள்ளை அதைத் தூக்கவே உடம்பைக் கோணிக்கும். ஜூனியர் செட் உயரத்துக்குத் தகுந்த மாதிரி, 3 அங்குலத்துக்கு ஒரு சைஸ்னு கூட வருது. வளர்ற வயசு, அதனால புதுசுக்குச் செலவழிக்காம செகண்ட் ஹேண்ட் பாருங்க. பட்டர், 7 அயர்ன், 9 அயர்ன், சாண்ட் வெட்ஜ், ஒரு ஹைப்ரிட். அஞ்சு போதும்.

வலது பக்கம் வளையறது ஸ்லைஸ். பந்து கிளம்புற திசை பெரும்பாலும் கிளப் முகம் பார்க்கிற பக்கம். வளையறது முகத்துக்கும் கிளப் வர்ற பாதைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தால. புதுசா ஆடுறவங்களுக்கு முகம் திறந்திருக்கும், கிளப் வெளியிலிருந்து உள்ள வெட்டிக்கிட்டு வரும். பந்து வலது போகுதேன்னு பிள்ளை தானாவே இடது பக்கம் குறி வைக்கும், வெட்டு இன்னும் ஜாஸ்தியாகும். அதனால குறியைத் தொடாம பிடியைப் பாருங்க. கிளப்பைப் பிடிச்சு நின்னு குனிஞ்சு பார்த்தா இடது கையில ரெண்டு, ரெண்டரை விரல் முட்டி தெரியணும். ஒண்ணுதான் தெரியுதுன்னா கையைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பச் சொல்லுங்க. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ற மடிப்பு வலது தோளைக் காட்டணும். சின்னக் கைக்குப் பத்து விரலும் போட்டுப் பிடிக்கிறதே நல்லது, டிவியில வர்ற மாதிரி விரல் பின்னணும்னு கட்டாயம் இல்ல.

வீடியோ எடுத்து அனுப்புறதா இருந்தா ஃபோன் கை உயரத்துல, இலக்கைப் பார்த்தபடி கைக்கு நேர் பின்னால இருக்கட்டும். அரை அடி தள்ளி வெச்சாலே நல்ல பாதை வெட்டுற மாதிரியும், வெட்டுறது நல்ல பாதை மாதிரியும் தெரியும்.

---

வாலாஜா_லென்ஸ்:

மைதானத்துக்கு ரெண்டு பக்கமும் வழி இருக்கு. சென்னையில நந்தனம் காஸ்மோ, பெங்களூருல தொம்ளூர் கேஜிஏ (கர்நாடக கோல்ஃப் சங்கம்). காட்பாடியில இருந்து சென்னை சுமார் ரெண்டு மணி நேரம்தான், அதனால வாராந்திரத்துக்குச் சென்னை தோது. அஞ்சு கிளப்புனா மெல்லிசு பென்சில் பை போதும், ரயில்ல மேல் பலகையில படுக்க வெச்சுடலாம். கிளம்புறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி மூணு விஷயம் கேளுங்க: உறுப்பினர் இல்லாதவங்களுக்கு டிரைவிங் ரேஞ்ச் (பந்து அடிச்சுப் பழகுற இடம்) எந்த நேரம், ஜூனியர் கோச்சிங் எந்த நாள், உடை விதி என்ன. காலர் வெச்ச டி-ஷர்ட் கேப்பாங்க. ஷூவுக்கு முதல்ல சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவே போதும். சித்திரை, வைகாசியில காலை 6 முதல் 8க்குள்ள முடிச்சுடுங்க. ரேஞ்சுல கூடை கூடையா அடிக்கிறதை விட கோச் கூட 30 பந்து மேல்.

ஒரு எச்சரிக்கை. சீரியல்ல பார்க்கிற கொரியப் புல் பெரும்பாலும் ஜாய்சியா வகை, குளிர்காலத்துல வைக்கோல் நிறமாயிடும். இலை விறைப்பா இருக்கறதால பந்து புல் மேல தூக்கலா உக்காரும். இங்க பெர்முடா, பந்து கொஞ்சம் உள்ள இறங்கும். புல் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு பார்த்துத்தான் சிப் பண்ணணும். எதிர்ச் சாய்வுல கூர் விளிம்பு முதல்ல பட்டா கிளப் குத்திக்கிட்டு நின்னுடும். யூடியூப்ல கொரிய கோச் சொல்ற சிப்பிங்கை இங்க அப்படியே செய்ய முடியாம போறதுக்கு இதுதான் காரணம். அதோட அங்க சாதாரண ஆட்டத்துல மீட்டர் கணக்கு, நம்ம மைதானத்துல கெஜம். அவங்க 150ன்னா இங்க 164.

போட்டி பத்தி இப்பவே மண்டையை உடைச்சுக்க வேணாம். முதல்ல ஹேண்டிகேப் (ஆடுறவர் திறமையைக் காட்டுற எண், கம்மியா இருந்தா நல்லது). கோல்ஃப் கிளப் இல்லன்னா அகாடமி வழியா, மொத்தம் 54 குழி ஆடின ஸ்கோர் கொடுத்தா கணக்கு ஆரம்பிக்கும், ஹேண்டிகேப் அதிகபட்சமும் 54தான். அப்புறம் இந்திய கோல்ஃப் யூனியன் ஜூனியர் போட்டிகள், வயசுவாரியா இருக்கு. பெரியவளானப்புறம் டபிள்யூஜிஏஐ (இந்தியப் பெண்கள் கோல்ஃப் சங்கம்) நடத்துற பெண்கள் ப்ரோ டூர்ல அமெச்சூர் பிள்ளைங்களும் ஆடலாம், பரிசுப் பணம் எடுத்துக்க மட்டும் வரம்பு உண்டு.

---

குடியாத்தம்_7அயர்ன்:

சித்தி, ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்கேல் வாங்கும்போது கையில பிடிச்சு ஒரு கண்ணை மூடி நுனியில இருந்து பாருங்க. நடுவுல கொஞ்சம் தொங்கலா இருந்தாலும் பந்து தானா பள்ளத்துக்கு இறங்கும், பிள்ளை மேல தப்பே இருக்காது. கடைக்காரர் மேல இருக்கறதைத்தான் எடுத்துத் தருவார், அடியில கிடக்கறதைக் கேட்டு வாங்குங்க.